பூச்சி கட்டுகிறவனின் சாட்சியம்

1

நுவரெலியாவுக்கு நான் வந்து இந்த ஆவணியோடு ஒன்பது வருஷம் முடிகிறது. வருஷா வருஷம் ஆவணியில் எனக்கு ஒரு காகிதம் வரும். 'இந்த ஆள் எங்களிடம் வேலை செய்கிறான், நடத்தை திருப்திகரம், இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும்' என்று கிளப் செகரட்டரி துரை கையெழுத்துப் போட்டுத் தருவது. அதைக் கொண்டுபோய்ச் சர்க்கார் ஆபீசில் காட்டினால்தான் நானும் என் குடும்பமும் இந்தக் குளிரில் தொடர்ந்து நடுங்க அனுமதி.

இந்தத் தடவை வந்த காகிதத்தில் 'ஒரு வருஷம்' என்பதை அடித்துவிட்டு 'மூன்று மாதம்' என்று எழுதியிருந்தது. திருப்திகரம் இருந்த இடத்தில் வேறு ஏதோ ஒரு வார்த்தை. கான்வென்டில் படிக்கும் என் மகள் செல்லத்திடம் நீட்டினேன். அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சுமார்னு போட்டிருக்குப்பா" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனாள்.

செய்தி இதற்குள் எங்கள் ஊரான மதுரைச் செல்லூருக்குப் போயிருக்கும். குடித்தேன் என்று ஒருவர் சொல்லியிருப்பார், எதையோ எடுத்தேன் என்று இன்னொருவர். ஊர்க்காரர்களின் கற்பனைக்கு வேலை வைக்காமல் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். உண்மையும் எனக்குப் பெருமை சேர்க்காது என்பது வேறு விஷயம்.

2

முதலில் என் தொழில். ஊரில் என் தம்பி 'அண்ணன் கிளப்பில் உத்தியோகம்' என்று சொல்லி வைத்திருக்கிறான். நான் பூச்சி கட்டுகிறேன்.

துரைமார் தங்கள் சீமையிலிருந்து ட்ரவுட் என்கிற மீனை முட்டையாகக் கப்பலேற்றிக் கொண்டுவந்து இந்த மலை ஆறுகளில் விட்டிருக்கிறார்கள். விட்டதைத் திரும்பப் பிடிக்க ஒரு கிளப். பிடிக்க ஏகப்பட்ட சட்டம். மண்புழு கூடாது. மாவு உருண்டை கூடாது. தின்னத்தக்க எதுவும் தூண்டில் முள்ளில் இருக்கக் கூடாது. இறகையும் ரோமத்தையும் நூலால் முள்ளில் சுற்றிப் பூச்சி மாதிரி செய்ய வேண்டும். அதை நிஜமென்று நம்பி மீன் ஏமாற வேண்டும். சோறு போட்டுப் பிடித்தால் அநியாயம், ஏமாற்றிப் பிடித்தால் கண்ணியம். வண்டியூர்க் கண்மாயில் புழுவும் ஈயக் குண்டும் வைத்துக் கெண்டை பிடித்த எனக்கு இந்த நியாயம் புரிய இரண்டு வருஷம் பிடித்தது.

கிளப்புக்கு நான் தையற்காரனாகத்தான் வந்தேன். கிழிந்த குடையும் திரைச்சீலையும் தைத்துக்கொண்டிருந்தவனிடம் ஒரு துரை பிய்ந்த பூச்சியைக் கொடுத்து, இதைக் கட்ட முடியுமா என்றார். தறிக்காரன் பிள்ளைக்கு நூலில் முடியாதது என்ன இருக்கிறது? அன்றிலிருந்து இதுதான் பிழைப்பு.

சர்க்கார் ஆபீசில் தொழில் என்ன என்று கேட்டபோது, "பூச்சி கட்டுறேனுங்க" என்றேன். குமாஸ்தா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார். அடுத்த வருஷம்தான் தெரிந்தது, நான் பூச்சி ஒழிப்பு இலாகாவைச் சேர்ந்தவன் என்று பதிவாகியிருப்பது. திருத்தச் சொன்னேன். திருத்த வேண்டுமானால் முதலில் எழுதியது தப்பு என்பதற்கு அத்தாட்சி கொண்டுவா என்றார்கள். இன்றுவரை நான் கொசு ஒழிக்கிறேன்.

செல்லம் மூன்று வயதில் இங்கே வந்தவள். தமிழ் பேசும்போது நடுநடுவே சிங்களமும் இங்கிலீஷும் சரளைக்கல் மாதிரி அகப்படும். ஒருநாள் வைகையைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மணலில் நடந்தே அக்கரைக்குப் போவோம், நடு ஆற்றில் சந்தை போடுவார்கள், மேலே எம்புட்டுப் பெரிய பாலம் தெரியுமா என்றேன். அவள் யோசித்துவிட்டு, "தண்ணியே இல்லாத ஆத்துக்கு எதுக்குப்பா பாலம்?" என்றாள். அதற்கு மேல் நான் வைகையைத் தொடவில்லை.

3

இனி மாயாண்டி. பேரையூர்ப் பக்கத்துக்காரன். அவனுடைய அப்பன் பாட்டன் யாருக்கும் காணி நிலம் கிடையாது. பிறர் புஞ்சையில் பாடுபட்டவர்கள். தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் எடுத்தபோது வந்து சேர்ந்து, கடைசியில் கிளப்பின் ஆற்றுக் காவலனாக ஆனான். வேலைக்குச் சேர்ந்த அன்று என்னிடம் வந்து, "அண்ணே, தண்ணியைக் காவல் காக்கணுமாம்ணே! எங்க ஊர்ல காக்கறதுக்குத் தண்ணி எங்க இருந்துச்சு?" என்று விழுந்து விழுந்து சிரித்தான்.

ஊரில் இருந்திருந்தால் அவன் என்னை அண்ணே என்று கூப்பிட்டிருக்க மாட்டான். கூப்பிட நானும் விட்டிருக்க மாட்டேன். மதுரை பாஷை காதில் விழாத இடத்தில் அதையெல்லாம் பார்க்க முடியுமா? அண்ணே என்றதும் மாப்ள என்றேன். பெரிய மனசுக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

துரைமார் ஆற்றுக்குப் போகும்போது பூச்சி டப்பாவை மழை படாமல் கக்கத்தில் வைத்துக்கொண்டு கூடவே போவது அவன் வேலை. போன வருஷம் ஒருநாள் மரக்கிளையில் மாட்டியிருந்த ஒரு பூச்சியை எடுத்து வந்தான். சீமையிலிருந்து வந்த விருந்தாளி துரை தொலைத்தது.

"அண்ணே, இதைக் கையில வச்சுப் பாருங்க. இத்தூண்டு இருந்துக்கிட்டு எம்புட்டுக் கனம்!"

செல்லூரில் அடுத்த தறிக்காரன் புதிதாக ஒரு கரை போட்டால், எப்படியாவது ஒரு துண்டு சம்பாதித்து இழை இழையாகப் பிரித்துப் பார்ப்போம். அதைத் திருட்டு என்று யாரும் சொல்வதில்லை, படிப்பு என்போம். அந்த மாதிரி இந்தப் பூச்சியைப் பிரித்தேன். மேலே முயல் ரோமம், அடியில் நெருக்கமாகச் சுற்றிய செப்புக் கம்பி. மிதக்கும் பூச்சிக்கு இறக்கை உண்டு; இதற்கு இல்லை. இறக்கை முளைக்கும் முன் தண்ணீருக்கடியில் கிடக்கும் இளம் பூச்சி. நிம்ஃப் என்கிறார்கள். கம்பியின் கனத்தில் அடியாழத்துக்கு இறங்கும். பெரிய மீன்கள் அங்கேதான் சோம்பிக் கிடக்கின்றன.

கிளப்பின் பழைய அழைப்பு மணியிலிருந்து கம்பி கிடைத்தது. தம்பி செல்லூரிலிருந்து மெல்லிய பருத்தி நூல் அனுப்பினான். இடுக்கியில் முள்ளைப் பிடித்து, கம்பியைச் சுற்றி, அது வழுக்காதபடி பதம் செய்த நூலால் இறுக்கி, ரோமத்தை முறுக்கி மேலே ஏற்றி, தலையில் முடிச்சுப் போட்டால் ஒரு நிம்ஃப். கடுகு தாளிக்கும் நேரத்தில் ஒன்று கட்டுவேன்.

இதைப் போட்டுப் பிடிப்பது தனி வித்தை. மிதக்கும் பூச்சியென்றால் மீன் வாய் திறப்பது கண்ணுக்குத் தெரியும். இதில் ஒன்றும் தெரியாது. நீரோட்டத்துக்கு எதிரே மேலே எறிந்து, மூழ்கவிட்டு, தண்ணீர் இழுத்து வருகிற நூலின் முனையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வருகிற நூல் காரணமில்லாமல் ஒரு கணம் நின்றால், கல்லோ பாசியோ என்று யோசிக்கக் கூடாது. மீன் என்று சந்தேகித்து உடனே கோலைத் தூக்க வேண்டும். சந்தேகப்படாதவன் வெறுங்கையோடு வீடு திரும்புவான். இந்தக் கலையில் எனக்கு இயற்கையாகவே கொஞ்சம் ஞானம் உண்டு. பால்காரன் முதல் பாதிரியார் வரை நான் சந்தேகப்படாத ஆள் கிடையாது.

என் நிம்ஃப் வந்த பிறகு கிளப்பில் மீன் குவிந்தது. செகரட்டரி துரையே ஒரு பெரிய மீனைப் பிடித்து, அதைப் பாடம் பண்ணி, கணப்படுப்புக்கு மேலே கண்ணாடிப் பெட்டியில் மாட்டிவிட்டார்.

4

ஆடி மாதக் கடைசியில் கிளப் அலமாரியைத் திறந்தபோது பாதிப் பூச்சிகளைக் கரப்பான் தின்றிருந்தது. மிதக்கும் பூச்சிகள் இருந்த தட்டில் ஒன்றுகூடக் கெடவில்லை. நிம்ஃப்களில்தான் நூல் நூலாய் அரித்திருந்தது. செகரட்டரி துரை மிச்சமிருந்த ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். புளித்த வாடை. நாக்கு நுனியிலும் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார்.

திங்கட்கிழமை காலை வராந்தாவில் விசாரணை. துரைக்குத் தமிழ் வராது, மாயாண்டிக்கு இங்கிலீஷ் வராது. நடுவில் மொழிபெயர்க்க நான்.

"இவற்றில் எவனோ தீனியைத் தடவியிருக்கிறான். நீயா?" என்று முதலில் என்னைத்தான் கேட்டார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் வைப்பது நூல், ரோமம், செப்புக் கம்பி, மூன்றே பொருள் சார். நாலாவதாக ஒன்று இருந்தால் என் கையை வெட்டுங்கள்" என்றேன், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில். வெட்டுவதற்குச் சரியான வார்த்தை தெரியாததால் கையால் அபிநயமும் பிடித்தேன்.

பிறகு மாயாண்டியைக் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"நான் எதுக்குண்ணே அதுல தடவப் போறேன்? டப்பாவைக் கக்கத்துல வச்சிருக்கிறதோட என் சோலி முடிஞ்சிச்சு. நான் மத்தியானத்துக்குச் சோறுகூடக் கொண்டு போறதில்லண்ணே, நம்ம கேப்பை மாவுல சுட்ட குரக்கன் ரொட்டிதான். தொரைகிட்ட நல்லா எடுத்துச் சொல்லுங்க. மண்டபத்துல பொம்பளையும் பிள்ளையும் வந்து கெடக்குதுக."

அதுதான் அவன் கவலை. அவன் மனைவியும் இரண்டு வயதுப் பிள்ளையும் பேரையூரிலிருந்து கிளம்பி, கடல் தாண்டுவதற்காக மண்டபம் முகாமில் காத்திருந்தார்கள். புருஷனுக்கு வேலை இருக்கிறது என்று கிளப் எழுதித் தந்தால் கப்பல். இல்லையென்றால் திரும்பப் பேரையூர், பின்னாலேயே இவனும்.

ரொட்டி விஷயத்தை மொழிபெயர்த்தேன். துரை என்னையே பார்த்து, "நீ இவனை நம்புகிறாயா?" என்றார்.

அங்கே நான் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. "டப்பா எப்போதும் இவனிடம்தான் இருக்கும் சார். இவனோடு போகிற துரைமாருக்கு மீன் விழுந்தால் இவன்மேல் பிரியம் வரும். குடும்பம் வருகிற சமயம், எல்லோருடைய தயவும் வேண்டும்" என்றேன். துரைக்குத் தோன்றாத காரணத்தையும் நானே சேர்த்துக் கட்டிக் கொடுத்தேன்.

"என்னண்ணே சொன்னீங்க?" என்றான் மாயாண்டி.

"விசாரிக்கிறாக, பொறுத்திருன்னு சொன்னேன்."

சனிக்கிழமை முடிவு என்று சொல்லிவிட்டுத் துரை எழுந்து போனார்.

5

என் சந்தேகம் ஆதாரமில்லாதது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. புதன்கிழமை நானே துப்பறியப் போனேன். ஆற்றோரப் புதரில் பதுங்கி மாயாண்டியைக் கவனித்தேன். நான் பார்த்ததைவிட அட்டைகள் என்னை அதிகமாகப் பார்த்தன. காலில் பதினொன்று, சொல்லத்தகாத இடத்தில் ஒன்று.

மாயாண்டி பாறைமேல் உட்கார்ந்து ரொட்டியைத் தின்றான். ஒரு துணுக்குகூடக் கீழே விடவில்லை. தின்ற பிறகு மணல் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினான். டப்பாவைத் தொடும் முன் வேட்டியில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டான். குற்றமில்லாதவன் எதற்காக இத்தனை சுத்தமாகக் கழுவ வேண்டும் என்று தோன்றியது எனக்கு. அவன் கழுவாமலிருந்தால் அதையும் எழுதி வைத்திருப்பேன்.

டப்பா எத்தனையோ பேர் கைக்குப் போகிறது. பட்லர் எடுக்கிறான், துரைமார் எடுக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மேலும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அவன் மேல் மட்டும் அம்புட்டுச் சுளுவாக வந்தது ஏன்? கடல் தாண்டும்போது மூட்டை முடிச்சை எல்லாம் சோதித்து, மருந்துப் புகை போட்டுத்தான் விட்டார்கள். இது மட்டும் எப்படியோ தப்பி என்னோடு வந்திருக்கிறது.

6

வியாழக்கிழமை மத்தியானம் புது நிம்ஃப் கட்ட உட்கார்ந்தேன். அடுப்படியில் இருந்த என் மனைவி காமாட்சியிடம், "கஞ்சிச் சட்டியை இப்படித் தள்ளு" என்றேன்.

"பிள்ளைக்கே கஞ்சி பத்தல. இதுல உங்க மீனுக்கு வேற ஊத்தணுமாக்கும்?"

"மீனுக்கு யாருடி ஊத்துறா? நூலுக்குத்தான்."

"நூலு எங்க போகுது? மீன் வாய்க்குத்தானே போகுது?"

சொல்லிவிட்டு அவள் வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள். நான் முள்ளைப் பிடித்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பதம் செய்த நூல் என்று மேலே எழுதினேன் அல்லவா? அந்தப் பதம், அரிசிக் கஞ்சி. தெரிந்த பிறகு எழுதும்போதுகூடக் கை அதைக் கஞ்சி என்று எழுதவில்லை பாருங்கள். செல்லூரில் பாவு நூலைத் தெருவில் நீள இழுத்துக் கட்டி, புளித்த கஞ்சி தோய்த்து நீவிக் காயவிட்டுத்தான் தறியில் ஏற்றுவோம். கஞ்சி போடாத நூல் எங்களுக்கு நூலே கிடையாது. பஞ்சில் கொட்டை எடுத்ததை யாராவது தனியாகச் சொல்வார்களா? அந்த மாதிரிதான் இதுவும். மிதக்கும் பூச்சிக்குக் கிளப்பில் மெழுகு கொடுத்திருந்தார்கள். நிம்ஃப் நானாகக் கட்டியது. அதற்குக் கை தன் பழைய வழக்கத்துக்குப் போய்விட்டது. நூல், ரோமம், கம்பி என்று நான் துரையிடம் சொன்னபோது பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே இல்லை.

இத்தனைக்கும் சின்ன வயதில் வீட்டில் எனக்குக் கொடுத்த வேலையே, பாவு காயும்போது நக்க வருகிற ஆடுகளை விரட்டுவதுதான். செல்லூர் ஆட்டுக்கு இருந்த விவரம் எனக்கு இல்லாமல் போயிற்று.

ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு நிம்ஃபைப் போட்டேன். அடியில் போய் உட்கார்ந்தது. சிறிது நேரத்தில் அதிலிருந்து பால் மாதிரி ஒரு வெள்ளை இழை பிரிந்து மேலே எழுந்தது.

7

வெள்ளிக்கிழமை முழுவதும் என் மூளை எனக்காக வக்கீல் வேலை பார்த்தது. மாயாண்டிக்கு வயது இருக்கிறது, வேறு தோட்டம் கிடைக்கும் என்றது. ஆவணி பிறந்துவிட்டது, உன் காகிதமும் இதே துரை கையில்தான் என்றது. செல்லத்தை மதுரைக்குக் கூட்டிப் போனால் எந்தப் பாஷையில் படிப்பாள், யாரோடு பேசுவாள் என்றது. எல்லாம் நியாயமான கேள்விகள்.

காமாட்சி கேட்டது ஒன்றுதான். "அந்தப் பிள்ளைக்கு என்ன வயசுன்னீங்க?"

"ரெண்டு."

"நம்ம செல்லம் வாரப்ப மூணு."

சனிக்கிழமை காலை ஒரு தூக்குச் சட்டியில் கஞ்சியை எடுத்துக்கொண்டு கிளப்புக்குப் போனேன். மாயாண்டி முன்பே வந்து வராந்தாப் படிக்குக் கீழே நின்றிருந்தான். உள்ளே போய்த் துரையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"நீயும் மதுரை, அவனும் மதுரை. அவனைக் காப்பாற்ற உன் தலையில் போட்டுக்கொள்கிறாய்."

வாழ்க்கையில் ஒரே ஒருதடவை நானாக உண்மை சொன்னேன். அதற்கும் இந்தக் கதி. திங்கட்கிழமை நான் சொன்ன பொய்ச் சாட்சியத்தை ஒரு கேள்வியில்லாமல் நம்பியவர் இவர்தான். எங்கள் ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் எப்படி உதவிக்கொள்வார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை.

கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். நான் கொடுத்து அவருடைய மேஜை இழுப்பறையிலேயே பூட்டிக் கிடந்த, மாயாண்டியின் கை படாத புதுப் பொட்டலத்திலிருந்து ஒரு நிம்ஃபை அவரையே எடுத்துப் போடச் சொன்னேன். அது மூழ்கியது. இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளை இழை கிளம்பியது. தூக்குச் சட்டியைத் திறந்து நீட்டினேன். முகர்ந்து பார்த்தார்.

"எத்தனை நாளாக?"

"நிம்ஃப் கட்ட ஆரம்பித்த நாளிலிருந்து, சார். ஒரு வருஷம்."

அவர் மெல்லத் தலையைத் தூக்கிக் கணப்படுப்புக்கு மேலிருந்த கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். அதில் அவருடைய பெரிய மீன் வாயைத் திறந்தபடி இருந்தது. நானும் பார்த்தேன். நான் பார்த்திருக்கக் கூடாது. ஆரம்பத்தில் சொன்ன மூன்று மாதம், கஞ்சிக்காக விழுந்ததில்லை, அந்தப் பார்வைக்காக விழுந்தது என்பது என் சந்தேகம்.

ஆனால் மனுஷர் பேனாவை எடுத்து மாயாண்டியின் காகிதத்தை அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதோடு, இனிமேல் என் பூச்சிகளை டம்ளரில் போட்டுப் பார்த்துத்தான் வாங்குவதென்றும் உத்தரவு போட்டார்.

8

காகிதத்தைப் படிக்குக் கீழே கொண்டுபோய் மாயாண்டியிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் முழுவதும் பார்த்து, மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். கஞ்சி விவகாரத்தைச் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"திங்கக்கெழம தொரை உங்ககிட்ட ஏதோ ஒண்ணு கேட்டாரே. ரொட்டி பத்திச் சொன்னதுக்கப்புறம். அதுக்கு நீளமா ஒரு பதில் சொன்னீங்க. அது என்னண்ணே?"

அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது. அன்று அந்த வராந்தாவில் எங்கள் இருவரையும் துரையையும் தவிர ஆள் இல்லை. என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். சரளமாக இரண்டு மூன்று பதில்கள் நாக்கு நுனிக்கு வந்தன.

"நீதான் செஞ்சிருப்பேன்னு சொன்னேன் மாப்ள. குடும்பம் வாரதுக்காகச் செஞ்சிருப்பேன்னு சொன்னேன்."

அவன் தலையை ஆட்டினான்.

"தெரியும்ணே. நீங்க பேசுனது இங்கிலீசு. மூஞ்சி தமிழ்லதான இருந்துச்சு."

சொல்லிவிட்டு மண்டபத்துக்குத் தபால் சேர்க்கப் போனான். அடுத்த வாரமே அவன் மனைவியும் பிள்ளையும் வந்து சேர்ந்தார்கள். காமாட்சி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மாயாண்டி எப்போதும் போல வழியில் பார்த்தால் நிற்கிறான், பேசுகிறான், பிள்ளை நடப்பதைச் சொல்கிறான். ஆனால் நான் பேசும்போது மட்டும், நிம்ஃப் போட்டவன் நூல் முனையைப் பார்க்கிற மாதிரி, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.